ரிட்டையர் ஆகி இத்தன வருஷம் ஆச்சு, நகாட்டாவ நெட்டு ஏன் இன்னும் விடல?

கேள்வி இதுதான்: "ரீல்ஸ்ல அடிக்கடி நகாட்டான்னு ஒரு ஜப்பான் பிளேயரோட பழைய கிளிப் வருது, 2006லயே ரிட்டையர் ஆயிட்டாராம், ஆனா கமெண்ட்ல இன்னிக்கும் ஹார்ட்டா குவியுது, அப்படி என்னதான் இருக்கு இவர்கிட்ட?"

நல்ல கேள்வி, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு வேற, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல ஒரு குழப்பத்த தீத்துடுறேன், ஏன்னா தேடும்போது நிறைய பேர் இதுல மாட்டிக்கிறாங்க. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரா ஸ்காட்லாந்து கிளப் செல்டிக் ஜெர்சில லெஃப்ட் ஃபுட்ல ஃப்ரீ கிக் வளைச்சுப் போடுற கிளிப் இருக்குல்ல, அது நகாட்டா இல்ல, ஷுன்சுகே நகமுரா. அது 2006 நவம்பர், அப்போ நம்மாளு ஏற்கனவே பூட்ஸ கழட்டி வச்சாச்சு. யூடியூப்ல வெறும் நகாட்டான்னு போட்டா போர்டு முன்னாடி நின்னு பாடம் எடுக்கிற ஒருத்தர் வருவாரு, அவரு அட்சுஹிகோ நகாட்டா, காமெடியன், இவருக்கும் ஃபுட்பாலுக்கும் சம்பந்தமே இல்ல. நாம பேசுறது ஹிடேதோஷி நகாட்டா, 1977ல யமனாஷி மாகாணத்துல பொறந்தவரு, ஜப்பான்ல செல்லமா ஹிதேன்னு கூப்பிடுவாங்க.

இவரு கிளிப் ஏன் ஓடுதுன்னு கேட்டா எல்லாரும் கோல், பாஸ், ஹேர்ஸ்டைல்னு சொல்வாங்க. அதெல்லாம் உண்மைதான், மறுக்கல. ஆனா எனக்குத் தோணுற பெரிய காரணம் வேற. இன்னிக்கு எல்லா பிளேயரும் தன் சேதிய தானே போஸ்ட் போட்டு சொல்றாங்கல்ல, அத இவரு 1998லயே செஞ்சாரு. ஃபேஸ்புக் இல்ல, யூடியூப் இல்ல, ட்விட்டர் இல்ல, மோடம் கிர்ர்ர்னு சத்தம் போட்டு கனெக்ட் ஆகுற காலம், அப்பவே நகாட்டா டாட் நெட்னு சொந்தமா ஒரு சைட் ஆரம்பிச்சு நேரா ரசிகர்கள்கிட்ட எழுத ஆரம்பிச்சுட்டாரு. இவருக்கு நெட்ல வந்த பேரு யாரோ வாங்கிக் குடுத்தது இல்ல, ஆடிக்கிட்டு இருக்கும்போதே அவரே போட்ட அஸ்திவாரம் அது.

ஏன் ஆரம்பிச்சாருங்கறதுலதான் கதையே இருக்கு. 1997 நவம்பர் 16, மலேசியாவுல ஜோகூர் பாரு (நம்ம மலேசியத் தமிழர்களுக்கு நல்லா தெரிஞ்ச ஊரு), லார்கின் ஸ்டேடியம், ஜப்பானுக்கும் ஈரானுக்கும் பிளே ஆஃப். ஜெயிச்சா ஜப்பான் வரலாற்றுலயே முதல் தடவையா வேர்ல்ட் கப் போகும். இவருக்கு வயசு 20. நகயாமா போட்ட முதல் கோலுக்கு பாஸ் இவருது, 2-1னு பின்தங்கி இருக்கும்போது ஜோ தலையால முட்டினதுக்கு கிராஸ் இவருது, எக்ஸ்ட்ரா டைம் முடிய ரெண்டே நிமிஷம் இருக்கும்போது இவரு அடிச்ச ஷாட்ட கீப்பர் தடுத்து விட, அந்தப் பந்த ஓடி வந்து ஒகானோ உள்ள தள்ளுனாரு, கோல்டன் கோல் (எக்ஸ்ட்ரா டைம்ல முதல் கோல் விழுந்ததும் மேட்ச் முடிஞ்சுடும்), 3-2. மூணு கோல்லயும் இவரு கால் இருக்கு. ஜப்பான்ல இன்னிக்கும் அந்த ராத்திரிய அந்த ஊர் பேர வச்சுத்தான் சொல்றாங்க. அன்னியிலேர்ந்து மைக்கும் கேமராவும் இவர் பின்னாடியே சுத்த ஆரம்பிச்சுடுச்சு.

இவரோ இயல்புலயே அதிகம் பேசாத ஆளு, அதே கேள்விய பத்து பேர் திருப்பித் திருப்பிக் கேட்டா மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிடுவாரு. 1998 ஆரம்பத்துல ஒரு நாளிதழ், தேசிய கீதம் மேட்ச் முன்னாடி பாடுற மாதிரி பாட்டு இல்லன்னு இவரு சொன்னதா அச்சுல போட்டுடுச்சு. அவ்ளோதான், வலதுசாரி அமைப்புங்க கொதிச்சு எழுந்து மிரட்டுற அளவுக்குப் போச்சு. சின்ன வயசுப் பையன். அதுக்கு அப்புறம் பத்திரிகைகாரங்க வழியா பேசவே இவருக்கு மனசு வரல. நான் சொல்ல வேண்டியத நானே எழுதுறேன், படிக்கிறவங்க படிக்கட்டும், அப்படிங்கற முடிவுலதான் அந்த சைட்டே பொறந்துச்சு. அதுல ரசிகர்களுக்கு மெயில் எழுதுற மாதிரி ஒரு பகுதி, மேட்ச் பத்தி, ஊர் பத்தி, சாப்பாடு பத்தின்னு நண்பனுக்கு எழுதுற மாதிரி எழுதுவாரு. ஜப்பானிய மொழியில 'நான்' சொல்ல நிறைய வார்த்தை இருக்கு, மரியாதையா ஒண்ணு, ஆபீஸ்ல பேச ஒண்ணு, சினேகிதங்களோட பேச ஒண்ணு. இவரு எழுதினது 'ஓரே', அதாவது சினேகிதங்ககிட்ட பசங்க சொல்ற 'நான்'. மைக் முன்னாடி வாயே திறக்காத ஒரு ஸ்டார், ராத்திரி கம்ப்யூட்டர்ல மட்டும் நம்மகிட்ட அப்படி உரிமையா பேசுறாருன்னா யாருக்குத்தான் பிடிக்காது சொல்லுங்க.

அதே 1998ல ஃபிரான்ஸ் வேர்ல்ட் கப் முடிஞ்ச கையோட இத்தாலிக்குப் போறாரு, பெருஜியா. சின்ன கிளப். அப்போ இத்தாலியோட டாப் லீக் சீரி ஏ தான் உலகத்துலயே கஷ்டமான லீகு, ஆசியாக்காரன் ஒருத்தன வாங்குறது ஜெர்சி விக்கத்தான்னு வெளிப்படையாவே பேசுனாங்க. செப்டம்பர் 13, முதல் மேட்ச், எதிர்ல சாம்பியன் யுவென்டஸ். பெருஜியா 4-3ன்னு தோத்துச்சு, ஆனா அதுல ரெண்டு கோல் இவருது. வாய மூட வைக்க அந்த ஒரு மேட்ச் போதும். அந்த சீசன் லீக்ல மட்டும் 10 கோல், அதுல பியாசென்ஸாவுக்கு எதிரா போட்ட பைசிக்கிள் கிக் நீங்க ரீல்ஸ்ல கண்டிப்பா பாத்திருப்பீங்க. ஜெர்சியும் வித்துச்சு, ஜப்பான்லேர்ந்து டூரிஸ்டுங்க அந்த மலை ஊருக்கு பஸ் பஸ்ஸா வந்து 7ஆம் நம்பர் வாங்கிட்டுப் போனாங்க, அது வேற கதை.

இப்ப அந்த ஃபேமஸ் கிளிப்புக்கு வரேன், இத கொஞ்சம் நின்னு பாக்கணும்.

2001 மே 6, டூரின், டெல்லே அல்பி ஸ்டேடியம், யுவென்டஸ் - ரோமா. இவரு 2000 ஜனவரியிலயே ரோமா வந்துட்டாரு, ஆனா அங்க இவரு பொசிஷன்ல இருக்கிறது டொட்டி. டொட்டின்னா ரோமாவுல கடவுள், அவர உக்கார வச்சுட்டு யாரையும் ஆட வைக்க முடியாது. அதுக்கும் மேல, ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வந்த பிளேயர்ஸ் ஒரு மேட்சுக்கு இத்தன பேர்தான்னு ஒரு கட்டுப்பாடு, அதனால நல்லா இருந்தும் பல நாள் டீம்லயே இடம் இல்லாம கேலரியில உக்காந்து பாத்தாரு. அந்தக் கட்டுப்பாட்ட அந்த மேட்சுக்கு சில நாள் முன்னாடிதான் எடுத்தாங்க. டேபிள்ல ரெண்டாவது இருந்த யுவென்டஸ விட ரோமா 6 பாயின்ட் லீட், தோத்தா 3 ஆயிடும். ஆறு நிமிஷத்துல யுவென்டஸுக்கு டெல் பியரோ ஒண்ணு, ஸிடான் ஒண்ணு, 2-0. முடிஞ்சுதுன்னே எல்லாரும் நெனச்சாங்க. 60 நிமிஷம் வாக்குல கோச் கபெல்லோ டொட்டியவே வெளிய எடுத்துட்டு நகாட்டாவ உள்ள விட்டாரு. யோசிச்சுப் பாருங்க, சாம்பியன்ஷிப்பே ஊசலாடுது, கேப்டன தூக்கிட்டு பல மாசமா ஓரமா இருந்த ஆள இறக்குறாரு.

79ஆவது நிமிஷம், நடு மைதானத்துல பந்து இவருகிட்ட வருது, ஒரு தட்டு, ரெண்டு தட்டு, முன்னாடி யாரும் வந்து அமுக்கல, பாக்ஸுக்கு வெளிய நல்ல தூரத்துலேர்ந்து ரைட் ஃபுட்ல ஒரு அடி. பந்து சுத்தவே இல்லாத மாதிரி நேரா மேல் மூலைக்குப் போகும், வான் டெர் சார் மாதிரி உயரமான கீப்பரே எட்ட முடியாது. 2-1. இதுதான் ரீல்ஸ்ல வர பிட். ஆனா ரீல்ஸ்ல வெட்டிட்ட பிட்தான் எனக்கு இன்னும் பிடிக்கும்: மேட்ச் முடியுற நேரம், மறுபடியும் வெளியிலேர்ந்து இவரே அடிக்கிறாரு, வான் டெர் சார் பிடிக்க முடியாம தட்டி விட, ரோமாவோட மொண்டெல்லா ஓடி வந்து உள்ள தள்ளி 2-2. சீசன் முடிவுல ரோமா 75, யுவென்டஸ் 73. ரெண்டே பாயின்ட். அந்த மேட்ச் தோத்திருந்தா கோப்பை எங்க போயிருக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. மொத்தமா பாத்தா அரை மணி நேர வேலை, அதுக்காக ரோமா ரசிகர்கள் இன்னிக்கு வரைக்கும் இவர தலையில வச்சு கொண்டாடுறாங்க. ஒவ்வொரு மே மாசமும் அந்த கிளிப்ப திரும்ப எடுத்துப் போடுறது அவங்கதான், இந்த ஆன்லைன் கிரேஸ்ல இத்தாலிக்காரங்க பங்கு ஜப்பானுக்குக் கொஞ்சமும் கொறஞ்சது இல்ல.

அதுக்கப்புறம் பார்மா, 28 மில்லியன் யூரோவுக்கு மேல குடுத்து வாங்குனாங்க, ஆசிய பிளேயருக்கு அதுதான் ரெக்கார்டு, 2015ல கொரியாவோட சோன் ஹியுங் மின் இங்கிலாந்து கிளப் டோட்டன்ஹாம் போற வரைக்கும் யாரும் தாண்டல. 2002ல இத்தாலியோட கப் போட்டியான கோப்பா இத்தாலியா ஜெயிச்சாரு. பின்ன பொலோன்யா, ஃபியோரென்டினா, கடைசியா இங்கிலாந்துல போல்டன். இந்த வருஷங்கள் முன்ன மாதிரி பெருசா ஒண்ணும் இல்ல, நேர்மையா சொல்லணும்னா பார்மாவுலயே அவர சைட்ல தள்ளி ஆட வச்சு அவரோட பெஸ்ட்ட வீணாக்கிட்டாங்கன்னுதான் என் அபிப்பிராயம்.

நான் இவர முதல் தடவ ஒழுங்கா பாத்தது 2002 வேர்ல்ட் கப்ல. ஜப்பான் - துனீசியா, ஒசாகாவுல நடந்த மேட்ச், நமக்கு மத்தியானம் 12 மணி. சைடுலேர்ந்து வந்த கிராஸ ஓடி வந்து தலையால முட்டி கோல் போட்டாரு. எனக்கு ஞாபகம் இருக்கிறது அந்த கோல விட அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்: பந்து தன்கிட்ட வரதுக்குள்ள ரெண்டு தடவ தோள் மேல திரும்பிப் பாத்துக்குவாரு, இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. அதனால பந்து கால்ல பட்டதுமே யாருக்குக் குடுக்கணும்னு தெரிஞ்சிருக்கும். பாஸ் வேகமா, தரையோட, ஓடுறவன் கொஞ்சம் கூடுதலா ஓடினாத்தான் கிடைக்கும்ங்கற மாதிரி விடுவாரு. ஜப்பான்ல இதுக்கு 'கில்லர் பாஸ்'னே பேரு. இடிச்சாலும் விழ மாட்டாரு, இத்தாலி டிஃபெண்டர்ஸ் சட்டையப் பிடிச்சு இழுத்தாலும் நெஞ்ச நிமித்திக்கிட்டே ஓடுவாரு. ஆசிய பிளேயர்னா ஒல்லி, சாஃப்டுன்னு ஒரு எண்ணம் இருந்துச்சுல்ல, அத ஒடச்ச உடம்பு அது.

ஸ்டைல் பத்தியும் சொல்லணும், ஏன்னா இப்ப ஷேர் ஆகுறதுல பாதி அதுதான். 1998ல முடிக்கு கலர் அடிச்சுட்டு வேர்ல்ட் கப் ஆடுனாரு. இத்தாலி போனதும் ஏர்போர்ட்ல நடந்து வர போட்டோவே தனி நியூஸ் ஆச்சு, கருப்பு கண்ணாடி, பை, அளவா தச்ச கோட்டு. மிலான் ஃபேஷன் ஷோவுல முன் வரிசையில உக்காந்திருப்பாரு. டொட்டி, ஹென்றியோட ஒரே டீம்ல கப்பல் மேல கூண்டுக்குள்ள ஆடுற 2002 நைக்கி விளம்பரம் ஞாபகம் இருக்கா, அதுல இருக்கிறது இவருதான். அந்தக் கால இத்தாலி ஜெர்சி, தொளதொள டிரவுசர்னு பழைய ஸ்டைல இப்ப 20 வயசு பசங்க தேடித் தேடி போடுறாங்க, அவங்களுக்கு மேட்ச் தெரியாது, ஆனா நகாட்டா போட்டோ தெரியும்.

இப்போ கடைசி மேட்ச். 2006 ஜூன் 22, டார்ட்மண்ட், எதிர்ல பிரேசில். தமாடா முதல் கோல் போட்டு ஜப்பானே முன்னாடி இருந்துச்சு, அப்புறம் ரொனால்டோ ரெண்டு, ஜுனின்யோ, ஜில்பர்ட்டோன்னு வரிசையா வாங்கி 4-1, ஜப்பான் வெளிய. விசில் அடிச்சதும் எல்லாரும் கும்பிட்டுட்டு உள்ள போறாங்க, இவரு மட்டும் நடு வட்டத்துல மல்லாந்து படுத்துக்கிட்டாரு. நிமிஷக்கணக்கா எந்திரிக்கவே இல்ல, கூட்டம் பாத்துக்கிட்டே இருக்கு, கேமரா மேல வட்டமடிக்குது. அப்போ யாருக்கும் ஏன்னு புரியல. தோத்த வருத்தம்னு நெனச்சோம்.

ஜூலை 3, நகாட்டா டாட் நெட்ல ஒரு போஸ்ட். பிரஸ் மீட் இல்ல, டிவி பேட்டி இல்ல, கிளப் அறிக்கை இல்ல. வாழ்க்கைங்கிறது பயணம், பயணம்ங்கிறது வாழ்க்கைங்கிற தலைப்புல எழுதியிருந்தாரு. 8 வயசுல, குளிர்காலத்துல, யமனாஷியில ஒரு ஸ்கூல் கிரவுண்டோட மூலையில ஆரம்பிச்ச பயணம்னு தொடங்குது. ஆறு மாசம் முன்னாடியே இந்த வேர்ல்ட் கப்போட நிறுத்திடணும்னு முடிவு பண்ணிட்டதா எழுதுறாரு. வயசு 29. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, காசு குடுக்க கிளப் இருக்கு, அப்பவும் போறேன்னுட்டாரு. அதுக்கப்புறம்தான் அந்த புல்லுல படுத்திருந்தது என்னன்னே ஜனங்களுக்குப் புரிஞ்சுது, அவரு மட்டும் தனியா விடை வாங்கிக்கிட்டு இருந்திருக்காரு. அந்த வீடியோவ இப்ப பாக்குறவனுக்கு முடிவு முன்னாடியே தெரியும், அதனாலதான் இன்னும் அதிகமா உள்ள போகுது. 1998ல பத்திரிகைய ஒதுக்கிட்டு எந்த வாசல தெறந்தாரோ, அதே வாசல் வழியாத்தான் வெளிய போனாரு. ஜப்பான்ல அந்தப் போஸ்ட இன்னிக்கும் ஜனங்க எடுத்துப் போடுறாங்க, பிடிச்ச வரிய மேற்கோள் காட்டுறாங்க.

இன்னொரு விஷயம் யாரும் அதிகம் சொல்றதில்ல. 29ல நிறுத்துனதால இவருக்கு வயசான கிளிப்பே கிடையாது. 35 வயசுல ரெண்டாவது டிவிஷன்ல மூச்சு வாங்கிக்கிட்டு ஓடுற நகாட்டாவ நீங்க எங்கயும் பாக்க முடியாது. கோச்சிங் பக்கமும் போகல, தோத்துட்டு பிரஸ் மீட்ல திட்டு வாங்குற நகாட்டாவும் கிடையாது. கேம்ஸ்லயும் இதே கதைதான், கோனாமி, இ.ஏ. ரெண்டு கம்பெனியோட ஃபுட்பால் வீடியோ கேம்லயும் பழைய ஜாம்பவான் கார்டா வந்திருக்காரு. இவரு ஆடும்போது பொறக்காத பசங்க இவர தினமும் ராத்திரி மிட்ஃபீல்டுல ஆட வைக்கிறாங்க, கார்டு பிடிச்சுப்போய் கிளிப்ப தேடிப் போறாங்க, கிளிப்லேர்ந்து கதைக்கு வராங்க. நீங்க இந்த கேள்வி கேட்டதும் கிட்டத்தட்ட அதே வழியாத்தான் இருக்கும்.

ரிட்டையர் ஆனதும் என்ன பண்ணாரு? பை தூக்கிட்டு உலகம் சுத்தக் கிளம்பிட்டாரு. வெளிநாட்டுல எங்க போனாலும் ஜப்பான் பத்திக் கேக்குறாங்க, நமக்கே நம்ம நாடு ஒழுங்கா தெரியலையேன்னு 2009லேர்ந்து ஜப்பானோட 47 மாகாணத்தையும் ஊர் ஊரா சுத்த ஆரம்பிச்சாரு. விவசாயி, குயவர், நெசவாளி, வாள் செய்றவர், சாகே வடிக்கிறவங்கன்னு ஒவ்வொருத்தர் பட்டறையா உக்காந்து கேட்டாரு. சாகேங்கிறது அரிசியில செய்ற அவங்க ஊரு மது, தலைமுறை தலைமுறையா வடிக்கிற குடும்பங்க நிறைய, ஆனா ஜப்பான்லயே குடிக்கிறவங்க குறைஞ்சுக்கிட்டு வராங்க. வெளிநாட்டுல விக்கலாம்னா பாட்டில்ல பேரே ஜப்பானிய எழுத்துலதான் இருக்கும், வாங்குறவனுக்கு ஒண்ணும் புரியாது. இவரு நூத்துக்கணக்கான வடிப்பாலைகளுக்கு நேர்ல போயிட்டு, இதுக்குன்னே ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, பாட்டில் லேபிள போன்ல படம் பிடிச்சா அது என்ன சாகேன்னு சொல்ற ஆப் கொண்டு வந்தாரு, டோக்கியோ ரொப்பொங்கி ஹில்ஸ்ல 'கிராஃப்ட் சாகே வீக்'னு திருவிழா மாதிரி நடத்துறாரு. போன எடமெல்லாம் பாத்தத 'நிஹோன்மோனோ'ன்னு தனி சைட்ல போட்டு வைக்கிறாரு. அங்க கதாநாயகன் அந்த கைவினைக்காரங்கதான், இவரு பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருப்பாரு. எனக்கு இவர் மேல மரியாத ரெண்டு மடங்கு ஆனது இதப் பாத்துத்தான். பேர வச்சு டிவியில உக்காந்து சம்பாதிச்சிருக்கலாம், அந்த வெளிச்சத்த கொண்டுபோய் யாருக்கும் தெரியாத ஒரு கிராமத்து வடிப்பாலை மேல அடிக்கிறாரு.

கமெண்ட்ல ஆசியாவுலயே இவருதான் ஆல் டைம் நம்பர் ஒண்ணுன்னு எழுதுறத நான் அப்படியே ஏத்துக்க மாட்டேன். கொரியாவோட சா பும் குன் எழுபது எண்பதுகள்லயே ஜெர்மனியில கலக்குனவரு, சோன் பிரீமியர் லீக்ல அதிக கோல் போட்டவருக்குக் குடுக்கிற கோல்டன் பூட்டே வாங்குனவரு. ஜப்பானுக்கு நகாட்டா ஆடுனது 77 மேட்ச், 11 கோல், கணக்க மட்டும் பாத்தா அவ்ளோதான். ஆனா 2004ல பெலே உயிரோட இருக்கிற சிறந்த பிளேயர்ஸ் லிஸ்ட் போட்டப்போ அதுல வந்த ரெண்டே ஆசிய ஆண்கள் கொரியாவோட ஹோங் மியுங் போவும் இவரும்தான். இன்னிக்கு ஐரோப்பாவுல அத்தன ஜப்பான் பிளேயர்ஸ் ஆடுறாங்களே, கிளப்புங்க யோசிக்காம செக் எழுதுறாங்களே, பெருஜியா முதல் மேட்ச்ல அந்த ரெண்டு கோல் விழாம போயிருந்தா இந்தக் கதவு தெறக்க இன்னும் எத்தன வருஷம் ஆயிருக்குமோ.

எங்கேர்ந்து பாக்க ஆரம்பிக்கலாம்னு கேட்டீங்கன்னா, தயவுசெஞ்சு 15 செகண்ட் ரீல்ல நிறுத்திடாதீங்க. ஜோகூர் பாரு ஹைலைட்ஸ் ஒரு தடவ பாத்துடுங்க, மூணு கோல்லயும் இவர எங்க இருக்காருன்னு மட்டும் தேடுங்க. அப்புறம் அந்த டூரின் மேட்ச், டொட்டி வெளிய வர இடத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பாருங்க, பந்து இருக்கிற பக்கம் பாக்காம இவர மட்டும் பாருங்க, அந்தத் தோள் மேல திரும்பிப் பாக்கிற பார்வை ஒவ்வொரு தடவயும் பந்து வரதுக்கு முன்னாடியே வரும்.